தானாகச் சரியான தப்பு

வங்கி வேலையை உதறிவிட்டு நாற்பத்தைந்து வயதில் மென்பொருள் எழுத வந்தவர் தேவசகாயம். திருச்சியில் அந்தச் சின்ன நிறுவனத்தில் அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் நிஷா, பத்து வயது இளையவர். ஆனாலும் நிஷாதான் தன் குரு என்று யாரிடமும் பெருமையாகச் சொல்வார் தேவசகாயம். நிஷா எழுதிக் கொடுத்தது எதுவும் தப்பென்று திரும்பி வந்ததாக அவருக்கு நினைவில்லை.

"உங்ககிட்ட என்னமோ இருக்கு, எங்கிட்ட இல்ல. அது என்ன மேடம்?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

"பாப்போம் சார்," என்றதோடு நிஷா திரைக்குத் திரும்பிக்கொண்டார்.

அப்போது தேவசகாயத்தின் பொறுப்பில் ஒரு மருத்துவமனைக்கான மென்பொருள் முடியும் தறுவாயில் இருந்தது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்று செவிலியருக்குக் காட்டுவது அதன் வேலை. சோதனையில் எப்போதாவது ஒருவருடைய மருந்து அடுத்தவர் பெயரில் வந்து நின்றது. எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் யாரோ சர்வரை அணைத்து மறுபடி போட, தப்பு மாயமாகிவிட்டது. எத்தனை முறை ஓட்டிப் பார்த்தும் வரவில்லை. கைதட்டிவிட்டு அத்தனை பேரும் டீ குடிக்கப் போனார்கள்.

நிஷா எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்த பாம்பைக் காணோம் என்று முழிப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

டீ குடித்துவிட்டு நிஷாவிடம் திரும்பிய தேவசகாயத்தை மேலாளர் போனில் கூப்பிட்டார். நாளைக்கே மருத்துவமனையில் தொடங்கிவிடலாமா என்று கேட்டார். குழுத்தலைவர் பதவியை அவருக்காகத்தான் வைத்திருப்பதாகவும் ஞாபகப்படுத்தினார். தேவசகாயம் வெகுநாளாக ஏங்கிய பதவி அது.

போனைக் கையால் பொத்திக்கொண்டு, "சரின்னு சொல்லிடட்டுமா மேடம்? நல்லாத்தானே ஓடுது?" என்றார்.

"ஓடுது சார். எதனால சரியாச்சு?"

தேவசகாயம் போனைக் காதில் வைத்தார்.

"இப்ப ஓடுது சார். ஆனா ஏன் சரியாச்சுன்னு எனக்குத் தெரியல. நாளைக்கு வேண்டாம்."

அப்படியானால் பதவிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி மேலாளர் போனை வைத்துவிட்டார். தேவசகாயத்துக்கு முகம் சுண்டிப்போனது.

"தெரியலன்னு சொல்லிட்டேன் மேடம். மானமே போச்சு."

நிஷா பக்கத்து நாற்காலியை அவருக்காக இழுத்துப் போட்டார்.

"நான் இங்க சேந்த நாள்லேருந்து தெனம் அந்தத் 'தெரியல'யத்தான் சொல்லிட்டிருக்கேன். உக்காருங்க சார், அந்தத் தப்ப மறுபடி வரவழைப்போம்."