இருபத்து மூன்று சத்தங்கள்

கடல் தாண்டி, அதற்கும் அப்பால் இன்னொரு கடல் தாண்டி, ஒரு குளிர் ஊர் இருந்ததாம். அந்த ஊரில் ஒரு குரு இருந்தாராம், ஒரு சீடர் இருந்தாராம். குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்து மூன்று.

குருவின் பெயர் ரெஜினா. இலங்கை மன்னார்ப் பெண். அடைக்கலம் கேட்டு வருகிறவர்கள் தமிழில் சொல்வதை அதிகாரிகளுக்கு ஆங்கிலத்தில் சொல்வது அவள் வேலை. சீடர் பூமிநாதன் மதுரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தி, ஓய்வு பெற்று, மகள் வீட்டுக்கு வந்தவர். சும்மா இருக்க முடியாமல் ரெஜினாவிடம் இந்த வேலையைப் பழகினார். அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சேர் என்பாள். யாருக்கு யார் பாடம் எடுக்கிறீர்கள் என்று அலுவலகத்தில் கேலி உண்டு.

அன்று காலை பூமிநாதன் ஒரு நோட்டோடு விசாரணை அலுவலகத்துக்குள் வந்தார். காற்று கதவை அவர் கையிலிருந்து பிடுங்கி, பின்னால் அறைந்தது.

"இதுக்கு ஸ்லாம். பதினாலாவது வார்த்தை" என்றார், சந்தோஷமாக.

ரெஜினா அவரைப் பார்க்கவில்லை. நாற்காலி வரிசையில் இருந்த தவமலரைப் பார்த்தாள். தவமலர் குனிந்து, தன் மகளை உடம்பால் மூடியிருந்தாள். கதவுதான் என்று தெரிந்த பிறகும் நிமிரச் சற்று நேரமாயிற்று.

இலங்கையிலிருந்து அடைக்கலம் கேட்டு வந்த தவமலரும் மகளும் அந்த நாட்டில் இருக்கலாமா, திரும்பிப் போக வேண்டுமா என்பது அன்றைய விசாரணையில் தெரிந்துவிடும். முதல் விசாரணையின்போது ரெஜினா காய்ச்சலில் கிடந்தாள். பூமிநாதன்தான் தனியாகப் போனார். அதற்குப் பிறகு வந்த கடிதம் நல்லபடியாக இல்லை. பட்டாசுச் சத்தத்துக்குப் பயந்து ஒருத்தி நாட்டையே விட்டு வந்தாள் என்பது நம்பும்படியாக இல்லை, இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிறோம் என்று அதில் இருந்தது.

கடிதம் பூமிநாதனை உறுத்தியது. தான் போட்ட ஆங்கிலச் சொல் சின்னதாகப் போய்விட்டது என்று நினைத்தார். பத்து நாள் அகராதிகளோடு உட்கார்ந்து, பெரிய சத்தங்களுக்கான சொற்களைத் திரட்டினார். இருபத்து மூன்று தேறின.

ஒவ்வொன்றாக விளக்கினார். பேங் சட்டென்று வந்து போவது. பூம் அடிவயிற்றில் இறங்கி நிற்பது. கிராஷ் என்றால் எதுவோ உடைய வேண்டும். கிராக், காய்ந்த குச்சி முறிகிற மாதிரி. பக்கத்து இடிக்கு கிளாப், தூரத்து இடிக்கு ரம்பிள். ரெஜினா பழைய விசாரணைத் தாள்களைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"பாவம் டீச்சர், அந்தம்மா. பயந்த சுபாவம். நல்ல பெரிய வார்த்தையா ஒண்ணு போட்டா தப்பிச்சுரும். இதுல எது சரி?"

ரெஜினா ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"இவ தமிழில என்ன சொன்னவ?"

"விடியப்புறம் வெடிச் சத்தம் கேட்டுது, பிள்ளையைத் தூக்கிட்டு ஓடினேன்னு."

"நீங்கள்?"

"கிராக்கர்ஸ்னு சொன்னேன். பேங் பேங்னு வெடிச்சுதுன்னு. அதிகாரி நம்பலை. அதுக்கா ஓடினீங்கன்னு திருப்பிக் கேக்கச் சொன்னார். வெடிக்கா ஓடினீங்கன்னு கேட்டேன். ஓம், வெடிக்குத்தான்னு அந்தம்மாவே சொல்லிச்சு."

ரெஜினா தாளை மூடினாள்.

"உங்கட ஊரில எப்ப சேர் வெடி போடுவீங்கள்?"

"தீவாளிக்கு. திருவிழாவுக்கு. எங்க தெருவுல எழவு வீட்டுக்குக்கூட."

"எங்கட ஊரில கொளுத்துறது சீனவெடி. சும்மா வெடி எண்டா, அது விழும்."

பூமிநாதன் சிரிக்கப் போனார். பாதியில் நிறுத்தினார்.

"ஆருக்கு வெடி விழுந்தது எண்டு கேப்பம். துவக்கால சுடுறது, சேர்."

நோட்டு அவர் மடியில் விரிந்து கிடந்தது. அதை மூடினார். பிறகு, முப்பது வருடத்தில் ஆங்கிலத்தில் இத்தனை பெரிய பிழை விட்டதில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இங்கிலீசில நீங்கள் பிழை விடேல்லை" என்றாள் ரெஜினா.

உள்ளே கூப்பிட்டார்கள். தான் பேசுவதாக ரெஜினா எழுந்தாள். கெடுத்தவன் நான், நானே சொல்கிறேன் என்று பூமிநாதன் கேட்டுக்கொண்டார். அவள் பின்னால் உட்கார்ந்தாள்.

அவர் முதலில் தன்னைப் பற்றிச் சொன்னார். ஒரே சொல், கடலுக்கு ஒரு கரையில் பட்டாசு, மறு கரையில் துப்பாக்கிச் சூடு. இந்த அம்மா சரியாகத்தான் சொன்னார். பிழை என்னுடையது, என் பெயர் போட்டே எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு, அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று கேட்கச் சொன்னார்.

பூமிநாதன் தவமலர் பக்கம் திரும்பினார். அவள் முகத்தை அன்றுதான் நேராகப் பார்த்தார்.

"அன்னைக்கே உங்களை இதைக் கேட்டிருக்கணும்மா. அந்தச் சத்தம் எப்படி இருந்துச்சு?"

தவமலர் மகளைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு, அவளுடைய மற்றக் காதைக் கையால் பொத்தினாள்.

"எத்தினையோ வெடி கேட்டது, ஐயா. எல்லாம் ஞாபகம் இருக்கு. இவளின்ர அப்பாவுக்கு விழுந்த வெடி மட்டும் எனக்குக் கேக்கேல்லை. கையில பிள்ளை கத்திக்கொண்டிருந்தது."

அதை அவர் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். சின்னச் சின்னச் சொற்கள்.

அதிகாரி பழைய தாளை எடுத்தார். பட்டாசு என்றிருந்த வரியை அடித்தார். வேறு சில கேள்விகள் கேட்டார். கடைசியில், இரண்டு பேரும் இங்கேயே இருக்கலாம் என்றார். அதையும் பூமிநாதன்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு தடவை சொன்னார்.

தவமலர் அவரைக் கும்பிட்டாள். பதிலுக்குக் கும்பிட அவருக்குக் கூச்சமாக இருந்தது. அவள் மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

பூமிநாதன் நோட்டைக் குப்பைக் கூடைப் பக்கம் கொண்டுபோனார்.

"இனி இது எதுக்கு டீச்சர்? ஒண்ணுகூட உதவலை."

ரெஜினா அதை வாங்கிப் பார்த்தாள். வலப்பக்கங்களில் மட்டும் எழுதியிருந்தார், கரும்பலகையில் எழுதிப் பழகிய கையெழுத்தில். திருப்பிக் கொடுத்தாள்.

"எறியாதேங்கோ, சேர். தமிழுக்கு இடப்பக்கம் முழுக்க வெறுமையாக் கிடக்கு."

கோட்டை மாட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

பூமிநாதன் கடைசியாகக் கிளம்பினார். வெளியே காற்று இன்னும் அடங்கவில்லை. நாற்காலி வரிசையில் வேறு யார் யாரோ வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதவை இரண்டு கையாலும் பிடித்து, அது பொருந்தும்வரை விடாமல் சாத்தினார். பிறகு நடந்தார்.