முதல் தாவலுக்கு யார் குட்டி?

ஒரு காட்டில், ஆற்றின் நடுவே ஒரு திட்டு இருந்தது. அந்தத் திட்டில் ஒரு கரடி குடியிருந்தது. விருந்து வைப்பதில் அதற்கு அப்படி ஒரு பெருமை. வந்தவர் வயிறு முட்டத் தின்று, கையூன்றி எழுந்தால்தான் கரடிக்கு மனம் நிறையும்.

ஒரு நாள் மலைப்பாதையில் வண்டி ஒன்று கவிழ்ந்தது. கரடிக்கு ஒரு மூட்டை ரவை கிடைத்தது. உடனே தன் இரட்டைக் குட்டிகளுக்குக் காது குத்த நாள் பார்த்தது. நரியையும் முயலையும் கருமந்தியையும் அழைத்தது.

நரி தன் ஒற்றைக் குட்டியோடு வந்தது. முயல் இரண்டு குட்டிகளோடு வந்தது. ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். கருமந்தி மட்டும் கரையில் நின்ற மருத மரத்திலிருந்து திட்டில் நின்ற மருத மரத்துக்கு ஒரே தாவலில் வந்தது. நடுவே இருபது அடி. அந்தக் காட்டில் வேறு யாராலும் அதைத் தாவ முடியாது.

கருமந்திக்குக் கோதுமை ஆகாது. ஒரு வாய் தின்றாலும் போதும், தின்ற கை காய்வதற்குள் வயிற்றைப் பிடித்து முறுக்கும். கண் இருட்டும்.

போன வருடம் இதே திட்டில் ஒரு விருந்து நடந்தது. "ஒரு வாய்தானே, ஒன்றும் ஆகாது" என்று நரி பூரியை வாயருகே நீட்டியது. எல்லாரும் பார்க்கிறார்களே என்று மந்தி தின்றுவிட்டது. திரும்பும்போது, பாதித் தாவலில் வயிறு முறுக்கியது. கிளை கைக்கு எட்டவில்லை. பாறைமேல் விழுந்தது. வலது கையில் ஒடிந்த இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்கவில்லை.

மூன்று நாள் அது புதருக்குள் கிடந்தது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. "தாவத் தெரியாமல் விழுந்துவிட்டுப் பூரிமேல் பழி போடுகிறது" என்று நரி காடெல்லாம் சொல்லித் திரிந்தது. முயல் நடந்ததை எல்லாம் பார்த்திருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

குழந்தைகளே, ஊட்டியவர்கள் அதை மறந்துவிட்டார்கள். ஊட்டியவர்கள் எப்போதும் மறந்துவிடுவார்கள். விழுந்தவருக்குத்தான் நினைவு இருக்கும்.

காது குத்தி முடிந்தது. இலை போட்டார்கள். கரடி தேன் ஊற்றிக் கிளறிய கேசரியைக் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தது.

"கரடி அண்ணா, எனக்குக் கோதுமை ஆகாது என்று சொல்லி அனுப்பியிருந்தேனே?" என்றது கருமந்தி.

"நான் மறப்பேனா? உனக்காகவே இன்று என் வீட்டில் ஒரு மணி கோதுமை கிடையாது. உப்புமா, கேசரி எல்லாமே ரவை!"

"ரவை எதிலிருந்து வருகிறது, அண்ணா?"

"மூட்டையிலிருந்து."

"கோதுமையை உடைத்தால்தான் அண்ணா ரவை."

நரி வாய்விட்டுச் சிரித்தது. "கேட்டீர்களா! போன வருடம் பூரி ஆகவில்லை. இந்த வருடம் ரவை ஆகவில்லை. அடுத்த வருடம் கரடி அண்ணன் வீட்டுத் தண்ணீரே ஆகாது!"

"எனக்கு உன் மரத்துக் கொழுந்து போதும், அண்ணா. இங்கேயே உட்கார்ந்து உங்களோடு தின்கிறேன்" என்றது மந்தி.

கரடியின் முகம் சுருங்கியது. "காதுகுத்துக்கு வந்தவருக்குக் கரடி தழையைப் போட்டது என்று காடு பேசவா?"

மந்தியின் காது ஆற்றின் பக்கம் திரும்பியிருந்தது. தண்ணீரின் சத்தம் மாறியிருந்தது. நிறமும் செம்மண்ணாக மாறிக்கொண்டிருந்தது.

"மேலே மழை பெய்திருக்கிறது. வெள்ளம் வருகிறது. குட்டிகளைத் தூக்குங்கள்!"

"இலையைக் கண்டால்தான் இதற்கு வெள்ளம் வரும்" என்றது நரி.

ஆனால் காலையில் மிதித்து வந்த கல் ஒன்றையும் இப்போது காணவில்லை. தண்ணீர் மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு போனது. பெரியவர்கள் மூச்சைப் பிடித்து நீந்திவிடலாம். வாயில் குட்டியைக் கவ்விக்கொண்டு நீந்தினால் குட்டி பிழைக்காது. கரடியின் முதுகில் அதன் இரட்டைக் குட்டிகளுக்கே இடம்.

எல்லாரும் கருமந்தியைப் பார்த்தார்கள்.

"கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். ஒரு தாவலுக்கு ஒரு குட்டி. வழி விடுங்கள்" என்று மந்தி மரத்தருகே ஓடியது.

கரடி குறுக்கே வந்து நின்றது. அதன் கையில் கேசரி அப்படியே இருந்தது. "கை நனைத்துவிட்டு ஏறு. என் குட்டிகளின் விருந்தில் கை நனைக்காமல் ஒருவர் போனால் அது என் குட்டிகளுக்கு ஆகாது."

"நேரம் இல்லை, அண்ணா!"

"ஒரு வாய் விழுங்க எவ்வளவு நேரம்?" என்றது நரி. "ஒரு வாய்தானே, ஒன்றும் ஆகாது. வீம்பை விடு."

முயல் தன் குட்டிகளை அணைத்துக்கொண்டு அழுதது. "தின்றுவிடேன் அக்கா. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்."

தண்ணீர் இலைகளைத் தூக்கியது. அடுப்பில் ஏறியது. நெருப்பு சீறி அணைந்தது.

கருமந்தி கையை நீட்டியது. "போடு அண்ணா."

கரடி மகிழ்ந்து கேசரியை வைத்தது. மந்தி அதை வாயருகே கொண்டுபோய் நிறுத்தியது.

"தின்கிறேன். தின்றதும் தாவுகிறேன். முதல் தாவலுக்கு யார் குட்டி?"

ஒருவரும் குட்டியை நீட்டவில்லை.

"நரி, ஒன்றும் ஆகாது என்று நீதானே சொன்னாய்? உன் குட்டியைக் கொடு."

நரி ஓர் அடி பின்னால் நகர்ந்தது. "முயல் குட்டிகள் சின்னவை. அவை முதலில் போகட்டுமே."

முயல் தன் குட்டிகளை வயிற்றுக்கு அடியில் தள்ளிக்கொண்டது. "வேண்டாம்! போன வருடம் அக்கா பூரி தின்றுதான் விழுந்தது. நான் பார்த்தேன்!"

"ஒரு வருடம் கழித்துச் சொல்கிறாய்" என்றது மந்தி. கண் நரியைவிட்டு விலகவில்லை. "கேசரி கையில் இருக்கிறது, நரி. ஒரு வாய்தான். உன் குட்டியைக் கொடு."

நரி கொடுக்கவில்லை. அதன் வால் தானாகவே குட்டியைச் சுற்றிக்கொண்டது.

கரடி அந்த வாலைப் பார்த்தது. பிறகு மந்தியின் மடங்காத இரண்டு விரல்களைப் பார்த்தது. குனிந்தது. மந்தியின் கையிலிருந்த கேசரியை வழித்து ஆற்றில் எறிந்தது. ஓடுகிற தண்ணீரை அள்ளி அந்தக் கையில் ஊற்றி, ஒரு பருக்கை இல்லாமல் கழுவியது.

"கை நனைந்தாயிற்று. ஏறு" என்றது.

மந்தி முயலின் முதல் குட்டியோடு தாவியது. திரும்பி வந்தது. இரண்டாவது குட்டியோடு தாவியது. திரும்பி வந்தது. கரடி தன் குட்டிகளைச் சுமந்துகொண்டு நீந்தியது. முயலும் பின்னாலேயே குதித்தது.

நரி கழுத்தளவு தண்ணீரில் நின்றது. குட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தது.

"அக்கா... கடைசியாக என்னை வைத்துவிட்டாயே!"

"ஆமாம். வேண்டுமென்றேதான்" என்றது மந்தி. தாழ்ந்த கிளையில் தலைகீழாகத் தொங்கிக் குட்டியை வாங்கிக்கொண்டது. மேலே ஏறியது. தாவியது.

கிளை வளைந்தது. முறிந்த விரல்கள் வழுக்கின. இடது கை பிடித்துக்கொண்டது. வயிறு முறுக்கவில்லை.

நரி நீந்திக் கரையேறி, நடுங்கிக்கொண்டே ஓடிவந்தது. குட்டியை நக்கி நக்கிப் பார்த்தது. "அக்கா, இதை என்றைக்கும் மறக்க மாட்டேன்!"

"நீ மறந்துவிடுவாய்" என்றது கருமந்தி. "எனக்குத்தான் மறக்காது."

நீதி: "ஒரு வாய்தானே" என்று ஊட்டுகிறவருக்கு வயிறு வலிப்பதில்லை, ஆகாததை ஊரே கூடி நீட்டினாலும் தின்னாதே.