மஞ்சள் கோட்டுக்கு ஊதிய விசில்

கேட்போரே நடுவராக நின்று தீர்ப்பளிக்க வேண்டிய வழக்கு இது.

தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியின் சிமெண்டுத் தளத்தில் இரண்டு ஆட்டங்களுக்கும் கோடுகள் உண்டு. கூடைப்பந்துக்கு வெள்ளை, பூப்பந்துக்கு மஞ்சள். மஞ்சள் கோடு ஒரு முழம் உள்ளே தள்ளி ஓடும்.

அன்று கூடைப்பந்து இறுதியாட்டம். நீல அணி சிவப்பைவிட ஒரு புள்ளி பின்தங்கியிருக்க, எஞ்சியவை ஆறு நொடிகள். நடுவர் ஆவுடையப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாநில நடுவர் தகுதிக்கு இருமுறை முயன்று தவறியவர் அவர். மூன்றாம் முறையாக அவரை எடைபோட வந்த தேர்வாளர் முன்வரிசையில் இருந்தார். எதையோ காணத் தவறிவிடுவோம் என்ற பதற்றம் ஆவுடையப்பனை அரித்துக்கொண்டே இருந்தது.

அந்தப் பதற்றமே அவரைக் கவிழ்த்தது. நீல அணித் தலைவன் இசக்கிராஜ் ஓரமாக ஓடிவந்து, மஞ்சள் கோட்டை மிதித்து எழும்பி, பந்தைக் கூடைநோக்கி எறிந்தான். எல்லை தாண்டிவிட்டான் என்றெண்ணி ஆவுடையப்பன் ஊதினார். விசில் ஒலித்தபோது பந்து கையைவிட்டுக் காற்றில் ஏறியிருந்தது. சிவப்பு அணியினர் கைகளைத் தாழ்த்தி நின்றுவிட்டனர். பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. நீலத்தின் மற்றொருவன் தாவி, அதைத் தட்டிக் கூடைக்குள் வீழ்த்தினான். கடிகாரம் நான்கு நொடியில் நின்றிருந்தது.

அப்போதுதான் ஆவுடையப்பன் கோட்டின் நிறத்தைக் கண்டார்.

"கூடை விழுந்துட்டுல்லா சார்! எல்லைக்கே போவாதவனுக்கு ஊதுனது ஒங்க தப்பு. ரெண்டு பாயிண்டக் குடுங்க!" என்றான் இசக்கிராஜ்.

சிவப்பு அணித் தலைவன் மரியதாஸ் பாய்ந்து வந்தான். "ஏல, நாங்க செலையா நிக்கையில போட்டது ஒரு கூடையாக்கும்? சார், ஊதுனா ஊதுனதுதான். பந்து எங்களுக்கு."

உடன் நடுவர் பிச்சைக்கண்ணு ஆவுடையப்பனின் காதருகே குனிந்தார். "அண்ணாச்சி, எல்லை தாண்டிட்டான்னே கைகாட்டிட்டுப் போங்க. அந்த சார் இருக்க எடத்துலேர்ந்து கோடே தெரியாது. வாயத் தொறந்தீங்க, இந்த வருசமும் போச்சு."

இரு அணிக்கும் உரிமையில்லாத பந்து அடுத்து எவருக்கு என முறைமாற்றிக் காட்டும் அம்புக்குறி, மேசைமேல் நீலத்தின் பக்கம் திரும்பியிருந்தது. புறத்தே நூறு தொண்டைகள் தீர்ப்புக் கேட்டு அலறின. அகத்தே என்றும் அகலாத இறைவன் பார்த்திருந்தான்.

மூவரில் யார் சொன்னது சரி? பந்து எவருக்கு?

விடை: எவர் சொன்னதும் சரியன்று. பந்து காற்றில் இருக்கையில் தவறாக ஊதப்பட்டால், அந்த எறிதலுக்கு மட்டும் உயிருண்டு. நேரே விழுந்திருந்தால் புள்ளி. வெளியே தெறித்த கணமே ஆட்டம் நின்றது. பிறகு தட்டிப் போட்டது செல்லாது. எல்லை மீறல் நிகழாததால் சிவப்புக்கும் உரிமையில்லை. கையைவிட்ட பந்து எவருக்கும் சொந்தமன்று. ஆகவே அம்புக்குறி காட்டும் நீலத்துக்கே பந்து, புள்ளியின்றி, நான்கு நொடிகளோடு. பிச்சைக்கண்ணுவின் யோசனையைத் தள்ள விதிப்புத்தகம் தேவைப்படவில்லை. "மஞ்சக் கோட்டப் பாத்து ஊதிட்டேன். தப்பு என்னுது," என்று ஆவுடையப்பன் முன்வரிசைக்கும் கேட்கச் சொல்லி, பந்தை நீலத்திடம் கொடுத்தார். தேர்வாளர் ஏதோ எழுதினார். அதைத் திரும்பிப் பார்க்க ஆவுடையப்பனுக்கு நேரமில்லை. நான்கு நொடி ஆட்டம் இன்னும் மீதமிருந்தது.