கயிற்றுக்கு உள்ளே போன தலைவர்

ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் பரவிய காலம் அது. மணல்துறைக் கடற்கரை ஆளற்றுக் கிடந்தது. நண்டுகள் நடுமணலில் உலாவின. அலைகள் உறக்கத்தில் பேசுவதுபோல் முணுமுணுத்தன. படகில் வந்த மீனை வாங்கக்கூட வழியில்லாமல் மீன்காரிகள் கரையை மறித்துக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். 'பொதுமக்கள் நுழையவும் வண்டி நிறுத்தவும் தடை' என்பது பேரூராட்சித் தலைவர் வைரமணி போட்ட உத்தரவு. கயிற்றைக் காத்தவள் தினக்கூலிக் காவலாளி செலஸ்டினா.

ஒரு மாலை தலைவரே காரில் காற்று வாங்க வந்தார்.

"தடை இருக்கே ஐயா."

"அது பொதுமக்களுக்கு. நான் பொதுமக்களா?"

"இல்லதான். ஆனா கடல் ஏறுற நேரம் ஐயா."

"எனக்குத் தெரியும், கயிற்றை அவிழ்."

அவிழ்த்தாள். அலையோரம் காரை நிறுத்தி, இருக்கையைச் சாய்த்து, தலைவர் கண்ணயர்ந்தார். விழித்தபோது வானமும் நீரும் ஒரே செம்பொன்னாய் மிதந்தன. சக்கரங்கள் மணலில் புதைந்திருந்தன.

"ஏ பிள்ளை! ஆளுங்களைக் கூப்பிடு!"

"அவங்க பொதுமக்களாச்சே. உள்ளே எப்படி விடுவேன்?"

மீன்காரிகள் முகக்கவசத்துக்குள் சிரித்தார்கள். தண்ணீர் கார்க் கதவைத் தொட்டது.

"நானும் பொதுமக்கள்தான் தாயே!"

"அப்போ எங்களுக்கும் மீன் எடுக்க ஒரு வழி விடுங்க. தள்ளித் தள்ளித்தான் நிப்போம்," என்றாள் ஒரு மீன்காரி.

"விட்டேன், விட்டேன்!"

படகு இழுக்கும் நீளக் கயிற்றைக் காரில் கட்டி, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நின்று இழுத்தார்கள். கார் கரையேறியது.

மறுநாளே மீன்காரிகளுக்குப் பாதை திறந்தது. தலைவரோ, அதன்பின் மாலைகளில் நடந்தே வந்து, கயிற்றுக்கு வெளியே நின்று கடலைப் பார்த்துவிட்டுப் போனார்.