பதினோராவது கை

நானூறு ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தின் டெவன் பக்கத்து ஊர் ஒன்றில் கில்பர்ட் என்றொருவர் தோல் பதனிட்டுப் பிழைத்துவந்தார். ஐம்பது வயதில் போதகர் ஆம்ப்ரோஸிடம் எழுத்துக் கூட்டி வேதம் படிக்கப் போனார். போதகர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

தோல் வியாபாரி ரால்ஃபிடம் கில்பர்ட் நாற்பது பவுன் கடன் வாங்கியிருந்தார். திருப்பிக் கொடுத்தும்விட்டார். ரசீது வாங்கவில்லை. பார்த்தவரும் இல்லை. ரால்ஃப் வழக்குப் போட்டார்.

அந்நாளில் ஒரு வழக்கம் இருந்தது. "நான் தரவேண்டியது ஒன்றுமில்லை" என்று கடன்பட்டவர் சத்தியம் செய்யலாம். அவர் சத்தியத்தை நம்புகிறோம் என்று பதினோரு பேர் வேதப் புத்தகத்தில் கை வைக்கவேண்டும். ஒருவர் குறைந்தாலும் தோல்விதான். தோற்றால் பட்டறை போய்விடும், போதாததற்குச் சிறை.

கில்பர்ட் வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"உன் வாக்கை நம்புறேன்ப்பா," என்றார் ரொட்டிக்காரர். "உன் தோல் நாற்றத்தைத்தான் தாங்க முடியலை. கோர்ட்டுல கொஞ்சம் தள்ளி நில்லு."

எப்படியோ பதினோரு பேர் சேர்ந்தார்கள். போதகரை மட்டும் அவர் கேட்கவில்லை. பொய்ச் சத்தியம் என்று நாலு பேர் பேசினாலே போதகருக்குத் திருச்சபையில் இடமிருக்காது.

விசாரணையன்று பத்துப் பேர்தான் வந்தார்கள். கொல்லர் வரவில்லை. ரால்ஃபின் குதிரைகளுக்கெல்லாம் லாடம் அடிப்பவர் அவர்.

"எழுத்துப் படிக்கப் போனியே," என்று ரால்ஃப் சிரித்தார். "உங்க போதகர் எண்ணச் சொல்லித் தரலையா?"

வாசலில் கூலிக்குச் சத்தியம் செய்கிற ஒருவன் எப்போதும் நிற்பான். அவன் உள்ளே வந்து கில்பர்ட்டின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"ஆறு பென்னி குடுங்க. உங்களை மனசார நம்புறேன். ஆமா, உங்க பேரென்ன?"

கில்பர்ட்டின் கை பைக்குள் போனது. காசு விரலில் பட்டது. எடுக்க மனம் வரவில்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து ஆம்ப்ரோஸ் எழுந்து வந்தார். புத்தகத்தின் மீது கை வைத்தார்.

"பதினொன்று," என்றார் குமாஸ்தா.

வழக்கு தள்ளுபடியானது.

வெளியே கில்பர்ட் பத்துப் பேரின் கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ரொட்டிக்காரர்கூடக் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கடைசியாகப் போதகரிடம் வந்தார்.

"ஐயா, நான் பணம் கொடுத்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பிறகு எப்படி..."

"பார்த்திருந்தால் சாட்சி சொல்லியிருப்பேன், கில்பர்ட்," என்றார் ஆம்ப்ரோஸ். "சாட்சி சொல்ல உங்களைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கை வைக்கத்தான் தெரிந்திருக்க வேண்டும்."