தோல்வி இல்லாத வருஷ ஓலை

அந்த வருஷம் நெடுங்கரை சமஸ்தானம் தொட்டதெல்லாம் தோற்றது.

எருமைத்துறைக் கோட்டையைப் பக்கத்து மேலவாகை நாட்டான் பிடித்துக்கொண்டான். இரண்டு மந்திரிகள் ஒரே வாரத்தில் அவன் பக்கம் தாவினார்கள். மாட்டுப் பொங்கலன்று மேலவாகைப் பையன்கள் வந்து நெடுங்கரையின் பதினெட்டுக் காளைகளையும் அடக்கிவிட்டுப் போனார்கள். ஒன்றாவது முரண்டு பிடித்திருக்கலாம். இல்லை. சரி, கூத்தாவது நடக்கட்டும் என்று வைத்தார்கள். ராவண வேஷக்காரர் பத்துத் தலையோடு மேடையிலேயே தூங்கிப்போனார். ஜனம் தீப்பந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு மேலவாகைக் கூத்துக்கு நடந்துவிட்டது.

தோற்றால் தோற்றதுதான். மென்று விழுங்கிவிடலாம். ஆனால் நெடுங்கரையில் ஒரு வழக்கம் உண்டு. பங்குனி கடைசி நாள் சபை கூடும். வருஷத்து நடப்பை அரண்மனை ஓலைக்காரர் வரிவரியாக வாசிப்பார். ஒவ்வொரு வரிக்கும் ஜனம் "கண்டோம்" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராத வரி பொய். அந்த ஓலையை அங்கேயே நறுக்கிப் போடுவார்கள்.

ஓலைக்காரர் பெயர் அனவரதம் பிள்ளை. வெற்றிலைக்கு நேரம் தப்பினால் யாரையும் கடிப்பார்.

சபைக்கு முதல் நாளே ராஜா சொக்கேந்திரர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். பக்கத்தில் தளவாய் வெங்கடப்பர் மீசையை நீவிக்கொண்டு நின்றார். எருமைத்துறையில் படை நடத்திய சேனாபதி அவர்தான்.

"பிள்ளை, நாளைக்குச் சபையில் சம்பந்தி வீட்டார் உட்காருகிறார்கள்" என்றார் ராஜா. "ஓலையைக் கேட்டுவிட்டுத்தான் நம் பையனுக்குப் பெண் கொடுப்பதா என்று முடிவு செய்வார்களாம். அதனால் ஓலையில் பொய் இருக்கக் கூடாது. தோல்வியும் இருக்கக் கூடாது."

"அப்படியென்றால் வெறும் ஓலையைத்தான் வாசிக்கலாம், மகாராஜா."

"முடியாவிட்டால் சொல்லும் ஓய்" என்றார் தளவாய். "என் மைத்துனன் வாசிப்பான்."

"உம் மைத்துனனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியுமா?"

"கற்றுக்கொள்வான்." தளவாய் ராஜா பக்கம் திரும்பினார். "ஒரு கட்டளை போடுங்கள், மகாராஜா. நாளை சபையில் நம் தோல்வியை வாய்விட்டுச் சொல்கிறவன், அவன் யாராயிருந்தாலும், பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்டிவிட வேண்டும்."

"ஆகட்டும்" என்றார் ராஜா.

அனவரதம் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். மனைவி ஆவுடையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூட்டை கட்டட்டுமா?"

"கட்டு. உலக்கையை எடுக்காதே. கனம்."

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் சம்பந்தி நல்லம நாயக்கர். அனவரதம் தொண்டையைச் செருமினார்.

"எருமைத்துறைக் கோட்டையை மேலவாகைப் படை ஒரே பகலில் பிடித்தது. வெற்றி!"

ஜனம் விழித்தது. யோசித்தது. பொய்யில்லையே. "கண்டோம்!"

"மேலவாகைப் பையன்கள் பதினெட்டுக் காளைகளை அடக்கினார்கள். ஒருவனுக்கும் கீறல்கூட இல்லை. வெற்றி!"

"கண்டோம்!"

"மேலவாகை மந்திரிசபைக்கு அனுபவசாலிகள் இரண்டு பேர் கிடைத்தார்கள்."

"கண்டோம்! வண்டி கட்டிக் கொண்டுபோய் விட்டதே நான்தான்!" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"மேலவாகைக் கூத்துக்குத் திடல் கொள்ளாத கூட்டம்."

"கண்டோம்! விடிய விடியக் கண்டோம்!"

ராஜாவின் முகம் செக்கச்செவேலென்று ஆனது. ஆனால் எதைப் பிடித்துக்கொண்டு கோபப்படுவது? பொய் ஒன்றுமில்லை. தோல்வியும் ஒன்றுமில்லை. எல்லாம் வெற்றி. ஆசனத்தின் கையைப் பிறாண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தளவாய்க்குப் பொறுக்கவில்லை. துள்ளி எழுந்தார். "நிறுத்தும் ஓய்! இது யாருடைய வருஷம்?"

"வருஷம் எல்லோருக்கும் ஒன்றுதான், தளவாயாரே."

"பாதியை விழுங்குகிறீர்! மேலவாகை கோட்டையைப் பிடித்தது என்றால் யாரிடமிருந்து பிடித்தது?"

"ஓலையில் இல்லை. காட்டிலே கேட்பாரற்றுக் கிடந்ததோ என்னவோ."

"காட்டிலா? பதினாறு கொத்தளம், நாலு பீரங்கி! நம்முடைய கோட்டை ஓய்!"

"காவலுக்கு ஆள் இல்லையாக்கும்."

"ஆள் இல்லையா? முந்நூறு பேரோடு நானே உள்ளே இருந்தேன்!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பின்வாசல் வழியாக..."

தளவாயின் வாய் திறந்தபடியே நின்றது.

"சும்மா சொல்லும். பின்வாசல் வழியாக?"

ஜனம் காத்திருக்கவில்லை. "கண்டோம்!" மண்டபம் அதிர்ந்தது. "ஓடினதைக் கண்டோம்! தலைப்பாகை முள்ளில் மாட்டினதையும் கண்டோம்!"

முதலில் சிரித்தவர் நல்லம நாயக்கர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மகாராஜா, இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா? காளை பார்க்க நானே வந்திருந்தேனே! மறைப்பீர்களோ என்று பார்க்கத்தான் வந்தோம். படை நடத்தினவரே சபையில் எழுந்து ஒத்துக்கொள்கிறார். போதும். பெண் உங்கள் வீட்டுப் பெண்."

ராஜாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூச்சோடு சிரிப்பும் வந்தது. தளவாய் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

"வெங்கடப்பரே, கட்டளை கட்டளைதான்" என்றார் ராஜா. "எருமைத்துறை இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம்தானே? தாண்டிப் போம். கோட்டையோடு திரும்பி வாரும்."

அனவரதத்துக்குச் சால்வை போர்த்தினார்கள்.

"இது இருக்கட்டும். வெற்றிலை எங்கே?"

ராஜா எழுத்தாணியை எடுத்தார். வாசித்தவர் பெயரை ஓலையின் அடியில் எழுதுவது அவர் வேலை. "அனவரதம் பிள்ளை என்று போட்டுவிடட்டுமா?"

"கூடாது. நான் வாசித்தது பாதி ஓலை. மீதியைச் சொல்லி ஓலையை நேர்செய்தவர் பெயரைப் போடுங்கள். பொய் எழுதலாமா?"

ராஜா சிரித்துக்கொண்டே எழுதினார்: தளவாய் வெங்கடப்பர்.