கறுப்பு பீர் ஏன் காக்க வைக்கிறது?

அந்தக் காலத்தில் மாடு பேசும், பார்லி பேசும், மனிதர்கள்தான் கொஞ்சம் அளந்து பேசுவார்கள். அயர்லாந்தில் லிஃபி ஆற்றங்கரையில் டப்ளின் என்ற ஊர் அப்போதும் இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் அங்கே நிறையப் பேர். பீர் என்றால் அன்றைக்கெல்லாம் பொன் நிறம்தான். ஊற்றினால் நுரை எழும்பும், எழும்பிய வேகத்தில் காணாமலும் போய்விடும்.

அந்த ஊரில் ஃபின்டன் என்று ஒருவன் இருந்தான். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஒரே ஒரு வெள்ளைப் பசு வைத்திருந்தான். அதற்கு மோரின் என்று பெயர். அந்த ஊர்ப் பெண்களுக்கு வைக்கிற சாதாரணப் பெயர்தான் அது. கேட்டதும் நமக்கு மோர் ஞாபகம் வந்தால் அதற்கு அவன் என்ன செய்வான்?

தினமும் காலையில் பால் கறந்ததும் ஃபின்டன் ஒரு குவளையைச் சூடு ஆறுவதற்குள் குடித்துவிடுவான். மேலுதட்டில் வெள்ளையாக ஒரு கோடு நிற்கும். முகத்தை அவளிடம் காட்டி, "என்னடி, மீசை முளைச்சிருக்கா?" என்பான்.

"முளைச்சிருக்கு, முளைச்சிருக்கு" என்பாள் மோரின்.

புறங்கையால் உதட்டைத் துடைத்துவிட்டு, அதே கையால் அவள் நெற்றியைத் தேய்த்துவிடுவான். மோரினுக்கு இது போதும். புல் ஒரு வாய் குறைந்தால்கூடக் கண்டுகொள்ள மாட்டாள்.

இப்படி இருந்தவன் ஒருநாள் பார்லி வாங்கி பீர் காய்ச்சப் போகிறேன் என்று கிளம்பினான். ஆற்றோரம் ஒரு பழைய கொட்டிலைக் குத்தகைக்குப் பிடித்தான். எத்தனை வருடத்துக்கு என்று நினைக்கிறீர்கள்? ஒன்பதாயிரம் வருடத்துக்கு! ஊரே சிரித்தது. மோரின் சிரிக்கவில்லை. ஒரு பசு இருபது வருடம் இருந்தால் பெரிய விஷயம். அந்தப் பார்லியோடு ஒன்பதாயிரம் வருடம் இருக்கப் போகிறானாமே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. பசுவுக்கு வயிறு நான்கு என்பார்கள். நான்கும் எரிந்தன.

எரியாமல் என்ன செய்யும்? அவளைக் கட்டியிருந்த அதே கொட்டிலில் ஃபின்டன் பார்லியை ஊறப் போட்டான். முளைவிட்டதும் தரையில் பரப்பி, மணிக்கொரு தரம் கையால் கிளறிவிட்டான். குளிர் அதிகமானால் தன் கம்பளியை எடுத்து அதன் மேல் போர்த்தினான். இப்போதெல்லாம் பாலைக் கறந்து ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போவான், அது அங்கேயே புளித்துப் போகும். காலையில் அவன் குடித்தது பீர். உதட்டில் கோடும் இல்லை, நெற்றியில் கையும் இல்லை.

பார்லிக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "நேத்து ராத்திரி என் பக்கத்திலேயே படுத்துட்டாரு, தெரியுமா?" என்று உமி உரசுகிற குரலில் சொல்லும். மோரின் முகத்தைத் திருப்பிக்கொண்டு வைக்கோலைக் கடிப்பாள்.

முளைத்த பார்லியைச் சூளையில் உலர்த்த வேண்டும். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. பதமாக உலர்ந்தால் ரொட்டி வாசனை வரும், கொஞ்சம் விட்டால் தீய்ந்த வாடை வரும். மாட்டு மூக்குக்கு இது மனித மூக்கைவிட முன்னாலேயே தெரிந்துவிடும். அதனால் ஃபின்டன் அந்தக் காவலை மோரினிடம் கொடுத்திருந்தான்.

அன்றைக்கும் பீப்பாய் எடுத்துவரத் துறைமுகத்துக்குக் கிளம்பும்போது, "வாசனை வந்ததும் ஒரு குரல் குடு கண்ணு, ஓடி வந்துடறேன். கையில இருக்கிற பார்லி அவ்வளவுதான். இது போச்சுன்னா நானும் மூட்டை தூக்கத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ரொட்டி வாசனை வந்தது. மோரின் அசை போட்டுக்கொண்டிருந்தாள். வாசனை கெட்டியானது, காரமானது.

"மோரின், போதும், கூப்பிடு!" என்றது பார்லி.

மோரின் அசை போட்டாள்.

"அடியே, கருகறேன்டி! என் குரல் வாசலைத் தாண்டாது. கூப்பிடுடி!"

மோரின் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் ஒரு குரல் கொடுத்தால் துறைமுகம் வரைக்கும் கேட்கும். கொடுக்கவில்லை. கொட்டில் முழுக்கப் புகை சூழ்ந்தது.

ஃபின்டன் வந்து பார்த்தபோது பார்லி கரிக்கட்டையாகக் கிடந்தது. ஒரு பிடி அள்ளிப் பார்த்தான். கையெல்லாம் கறுப்பு. ஒரு வார்த்தை திட்டவில்லை. நேராக மோரினிடம் வந்து மறு கையால் அவள் காதைத் தொட்டுப் பார்த்தான்.

"காது சுடுதா என்ன? உடம்பு சரியில்லாமத்தான் நீ கூப்பிடாம இருந்திருப்ப. நான் ஒரு மடையன், கவனிக்கவே இல்ல" என்றான். கரி படிந்த கையை அவள் மேல் படாமல் இழுத்துக்கொண்டான். மோரினுக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. ஆனாலும் பொறாமை தணியவில்லை. அது அப்படிப்பட்ட சனியன்.

வேறு பார்லி இல்லை. கருகியதையே போட்டுக் காய்ச்சினான் ஃபின்டன். தார் போலக் கறுப்பாக ஒரு பீர் வந்தது. மூட்டைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன அண்ணே, கப்பலுக்குப் பூசவா?" என்றான் ஒருவன். சிரித்துக்கொண்டே குடித்தவன் சிரிப்பை நிறுத்தினான். இன்னொரு வாய் குடித்தான். "அண்ணே, இது ஆளைத் தூக்கி நிறுத்துது. இன்னொண்ணு ஊத்துங்க."

ஒரே வாரத்தில் துறைமுகமே ஃபின்டன் வாசலில் நின்றது. கெடுக்கப் போய் பார்லிக்கு இல்லாத பேரை வாங்கிக் கொடுத்துவிட்டாள் மோரின். அவளால் தாங்க முடியவில்லை. ஒருநாள் பால் கறந்து முடித்த ஃபின்டன், வாசலில் யாரோ கூப்பிடக் குவளைகளோடு போனான். பால் வாளி பக்கத்தில் இருந்தது. பீர்த் தொட்டியோ தரையோடு தரையாகப் பதித்தது. மோரின் பின்னங்காலால் விட்டாள் ஒரு உதை. வாளிப் பால் அத்தனையும் தொட்டிக்குள் போனது.

"யாரது?" என்று தொட்டிக்குள்ளிருந்து பார்லி கேட்டது. கருகியதில் அதன் குரலே மாறியிருந்தது.

"நான்தான்."

"என்னை எரிச்சது பத்தாதா?"

"பத்தல. அவர் உதட்டில ஒரு கோடு இருந்துச்சு. அது என்னோடது. அதை நீ புடுங்கிக்கிட்ட."

தொட்டியில் ஒரு குமிழி எழும்பி உடைந்தது. பார்லி சொன்னது: "நான் என்னத்தைடி புடுங்கினேன்? என்னை ஊறப் போட்டு, முளைக்க வச்சு, முளைச்ச உசிரைச் சூளையில போட்டுத் தீய்க்கறாரு. உன்னை மட்டும் நெத்தியைத் தடவி உசிரோட வச்சிருக்காரு. உன்னைப் பாத்து நான்தான் தினம் வெந்தேன்."

"அப்புறம் எதுக்கு அவ்வளவு பீத்திக்கிட்ட?"

"வேற என்னடி இருந்துச்சு என்கிட்ட?"

மோரின் தொட்டி விளிம்புக்கு மூக்கைக் கொண்டுபோனாள்.

"சரி, அந்தக் கோடு உனக்கே. மேல நின்னுக்க" என்றது பார்லி. "ஆனா சுலபமா விடமாட்டேன். குவளைக்குக் குவளை உன்னைக் கீழ இழுத்துத்தான் மேல விடுவேன். காய்ச்சினதுக்கு அப்புறம் மிஞ்சற என் சக்கையை நீதான் தின்னணும். அதுவாவது அவர் கையால உனக்குப் போட்டதா இருக்கட்டும்."

ஃபின்டன் உள்ளே வந்து ஒரு குவளை மொண்டான். கலங்கல் குழம்பாக, வெள்ளையும் கறுப்பும் உருண்டு புரண்டன. கெட்டுவிட்டது என்று நினைத்தான். முகம் செத்துப்போயிற்று. கதவு வழியே ஆற்றில் வீசக் கையை ஓங்கினான்.

"கொஞ்சம் பொறுங்க!" என்று கத்தினாள் மோரின். பார்லி கருகிய அன்று கொடுக்காத குரலை இப்போது கொடுத்தாள். துறைமுகம் வரைக்கும் கேட்டது.

கை அப்படியே நின்றது. குவளைக்குள் வெள்ளை ஓரமாகக் கீழே இறங்கி இறங்கி, பிறகு மெல்ல மேலே ஏறிப் படிந்தது. அடியில் கன்னங்கறுப்பு. ஃபின்டன் குடித்தான். மோரின் பக்கம் திரும்பினான்.

"என்னடி, மீசை முளைச்சிருக்கா?"

"முளைச்சிருக்கு" என்றாள் மோரின். அவன் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அந்தக் கையை அவள் நெற்றியில் வைத்தான்.

அந்தத் தொட்டியின் நுரையை எடுத்துத்தான் அடுத்த தொட்டியைப் புளிக்க வைத்தார்கள், அதிலிருந்து அதற்கடுத்ததை. மோரின், பார்லி இருவர் வழக்கும் அப்படியே கூட வந்தது. அன்று முதல்தான் கறுப்பு பீரின் தலையில் வெள்ளை நுரை நிற்கிறது, காய்ச்சிய சக்கை மாட்டுக்குப் போகிறது, ஊற்றிய குவளையை, வெள்ளை மேலே ஏறும்வரை, எவ்வளவு தாகமானாலும் தொடாமல் காத்திருக்கிறார்கள். குடித்தவன் புறங்கையால் உதட்டைத் துடைத்த பிறகு அந்தக் கை, எதையோ தேடுவது போல, ஒரு நொடி காற்றில் நிற்பதும் அன்று முதல்தான்.